மறுஒளிபரப்பில் வராதவர்

முக்கூடல்,
12.06.2024

அன்புத் தம்பி எஸ்றாவுக்கு,

அக்கா சாலோமி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அத்தானும் நல்ல சுகம். உன் சுகம், டார்லின் சுகம், பிள்ளைகள் சுகம் எல்லாம் எழுது. முதுகுவலி குறைந்ததா? பைக்கை விட்டுவிட்டு ரயிலில் போ என்று போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் கடைசி வரி வரைக்கும் படித்தாக வேண்டும் அல்லவா, அதனால்தான் இந்தப் பழக்கத்தை விடாமல் இருக்கிறேன்.

இங்கே சாரல் விழத் தொடங்கிவிட்டது. அத்தான் ஆற்றுக்குக் குளிக்கப் போனால் வெயில் ஏறின பிறகுதான் திரும்புகிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவரை என்ன சொல்ல முடியும்.

ஒரு சின்ன விஷயம். எங்கள் ஆஸ்பத்திரியில் மத்தியானம் கூட்டம் இருக்காது. நானும் புதிதாக வந்திருக்கிற நர்ஸ் சுகன்யாவும் முன் ஹாலில் டி.வி. பார்த்துக்கொண்டே சாப்பிடுவோம். 'பன்னீர்மரத்து வீடு' சீரியலை இப்போது மத்தியானத்தில் மறுபடியும் போடுகிறார்கள். அம்மா நம் வீட்டில் இருந்த வருஷங்களில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு வருமே, அதேதான். நீ லீவில் வந்தால் எரிச்சலோடு தெருவில் போய் நிற்பாய்.

அந்த வீட்டில் மாடியில் ஒரு சார் குடியிருப்பாரே, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சபாபதி சார். தனி ஆள். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுப்பவர். கீழ்வீட்டு மருமகள் இந்திராணிதான் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவாள். இரண்டு மாதமாகப் பார்க்கிறேன், அவர் வரவே இல்லை. சுகன்யாவிடம் கேட்டால், "யக்கா, அப்படி ஒரு ஆளே கெடையாது. நான் மொத நாள்லேர்ந்து பாக்கேன்" என்கிறாள். நீ அம்மாவோடு ஒரு நாளாவது பார்த்திருப்பாய் என்று கேட்கிறேன். வேறொன்றுமில்லை.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அன்புடன் அக்கா,
சாலோமி

*

அம்பத்தூர்,
09.07.2024

அன்பான அக்காவுக்கு,

தோத்திரம். நாங்கள் நால்வரும் சுகம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. அச்சகத்தில் பள்ளிக்கூட நோட்டு வேலை நெருக்கம், அதனால் தாமதம். கோபித்துக்கொள்ளாதே.

அக்கா, நீ சரியாகத் தூங்குகிறாயா? சாப்பாட்டைத் தவிர்க்கிறாயா? சத்துக் குறைவு இருந்தால் களைப்பு வரும் என்று இங்கே ஒரு டாக்டர் சொன்னார். ரத்தப் பரிசோதனை கடைசியாக எப்போது செய்தாய்? சாவி, கண்ணாடி போன்றவற்றை வைத்த இடம் தெரியாமல் தேடுகிறாயா? எல்லாருக்கும் வருவதுதான், சும்மா கேட்கிறேன்.

சீரியல் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான்தான் பார்க்கவே மாட்டேனே. அந்த மாடி சாரை அத்தான் பார்த்திருக்கிறாரா என்று கேட்டு எழுது.

அத்தானுக்கு என் அன்பு.

உன் தம்பி,
எஸ்றா

*

முக்கூடல்,
21.07.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாரும் சுகம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். உன் முதுகைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

நான் நன்றாகத் தூங்குகிறேன். சாவி அதே ஆணியில்தான் தொங்குகிறது.

அத்தானிடம் கேட்டேன். "நான் எப்பம்ட்டி சீரியல் பாத்தேன்? நியூஸ் முடிஞ்சதும் தூங்கிருவேன்லா" என்கிறார். அதுவும் உண்மைதான். சுகன்யா தன் செல்போனில் அந்தச் சீரியலைத் தேடிப் பிடித்து, பழைய பகுதிகளை எல்லாம் ஓட்டிக் காண்பித்தாள். அதிலும் அவர் இல்லை. எங்கேயும் இல்லை. எனக்கு அவருடைய முகம் அப்படியே தெரிகிறது, எஸ்றா. மூக்குக்கண்ணாடியின் ஒரு காதுக்கு நூல் கட்டியிருப்பார். சுகன்யா பாவம், "வேற ஏதாச்சும் சீரியலா இருக்கும்க்கா" என்று பைய டி.வி.யை அணைத்துவிட்டாள்.

போகட்டும். இந்த மாதத்திலிருந்து ஊசி போடுவதையும் மருந்து கொடுப்பதையும் சுகன்யாவிடம் விட்டுவிட்டேன். நான் முன்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறேன். கண் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, அதுதான் காரணம்.

டார்லினுக்குக் கருப்பட்டி அனுப்பியிருக்கிறேன். திசையன்விளைச் சரக்கு, நன்றாக இருக்கும்.

அக்கா,
சாலோமி

*

அம்பத்தூர்,
28.08.2024

அக்காவுக்கு,

தோத்திரம். கருப்பட்டி வந்தது. எல்லாரும் சுகம்.

உன் கடிதத்துக்கு மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். கண் மங்கல் என்றால் கண் டாக்டரிடம் போவாய். நீ போனதாக எழுதவில்லை. முப்பது வருஷம் ஊசி பிடித்த கை, அதை நீயாக விடமாட்டாய்.

தயவுசெய்து திருநெல்வேலியில் ஒரு நல்ல நரம்பு டாக்டரைப் பார். உங்கள் டாக்டர் குருபிரசாத்திடம் கேட்டால் எழுதித் தருவார். தாமதிக்காதே. அத்தானைக் கூட்டிக்கொண்டு போ. காரணம் கேட்காதே.

உன் தம்பி,
எஸ்றா

*

முக்கூடல்,
10.09.2024

அன்புத் தம்பி எஸ்றாவுக்கு,

நாங்கள் சுகமாயிருக்கிறோம். நீங்கள் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன்.

நீ சொன்னபடி போய் வந்தேன். டாக்டர் சின்ன வயசு, தன்மையாகப் பேசினார். கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். சில வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்சம் கழித்துத் திரும்பக் கேட்டார். ஸ்கேனும் எடுத்தார்கள். "இப்பம் ஒண்ணும் இல்ல சிஸ்டர். ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவ வாங்க" என்றார். அத்தான் அன்றைக்கு ஓட்டலில் அல்வா வாங்கித் தந்தார். நானும் சாப்பிட்டேன்.

ஆனால் அம்மாவுக்கு மறதி தொடங்கி முதல் தடவை கூட்டிப்போனபோதும் ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார்கள். உனக்கு அது தெரியாது, நான்தான் கூட இருந்தேன்.

கண்ணில் ஒரு குறையும் இல்லை. நீ கண்டுபிடித்துவிட்டாய். பார்க்காத ஆளைப் பார்த்ததாக நினைக்கிறவள், போடாத ஊசியைப் போட்டதாக நினைத்தால்? போட்ட ஊசியை மறுபடி போட்டால்? பச்சைப்பிள்ளைகள் வருகிற இடம் அது. டிசம்பரோடு நின்றுகொள்கிறேன் என்று டாக்டர் குருபிரசாத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அத்தானுக்கு இன்னும் தெரியாது.

இப்போது நீ சொல்ல வேண்டும். மாடி சார் என்று நான் எழுதினதிலிருந்து நீ பயந்துபோயிருக்கிறாய். உன் கடிதம் ஒவ்வொன்றிலும் அது தெரிகிறது. எதை மறைக்கிறாய்?

அக்கா,
சாலோமி

*

அம்பத்தூர்,
19.09.2024

அன்பான அக்காவுக்கு,

தோத்திரம். டாக்டர் சொன்னதைப் படித்துவிட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். ஆனாலும் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இனி முடியாது.

2011-இல் நான் பத்து நாள் லீவில் வந்திருந்தேன். ஒரு சாயங்காலம் நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். அம்மா அடுக்களையில் ஒரு தட்டில் சோறு போட்டு, என் கையில் தந்து, "மாடி சார் இன்னும் சாப்பிடல, தட்டக் கொண்டு போ" என்றாள். நம் முக்கூடல் வீடு ஓட்டு வீடு. மாடி ஏது? "எந்த மாடிம்மா?" என்று கேட்டேன். "மேலதாம்ல. அந்த மனுசனுக்கு யாரு இருக்கா?" என்று அழத் தொடங்கிவிட்டாள். தட்டை வாங்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். "சாப்பிட்டுட்டாரா?" என்றாள். "சாப்பிட்டுட்டார்" என்றேன். அன்றைக்குத்தான் அம்மாவுக்கு இந்த நோய் என்று எனக்குத் தெரிந்தது. உன்னிடம் சொல்ல மனம் வரவில்லை. நீ ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்தாய்.

இந்த ஜூன் மாதம் உன் கடிதத்தைப் பிரித்தால், மாடியில் ஒரு சார், அவருக்குச் சாப்பாடு, அவருக்கு யாருமில்லை என்று நீ எழுதியிருக்கிறாய். யாரும் பார்க்காத அதே ஆள். நான் என்ன எழுத?

அக்கா, நாங்கள் இருக்கிறோம். எது வந்தாலும் நீ தனியாக இல்லை.

உன் தம்பி,
எஸ்றா

*

முக்கூடல்,
06.10.2024

தம்பி எஸ்றாவுக்கு,

சுகம். உங்கள் சுகமும் எழுது.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி விலாசத்துக்கு அனுப்பினது நல்லதாயிற்று. மருந்து அறைக்குள் போய் உட்கார்ந்து படித்தேன். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். பிறகு, நம்புவாயோ மாட்டாயோ, சிரிப்பு வந்தது. அம்மா அதைச் சீரியலிலிருந்துதான் சொல்லியிருக்கிறாள்! தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாளே. சாருக்கு வாதம் வந்து படுத்த வாரம் முழுக்க, "பாவம்ட்டி, பாவம்ட்டி" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். என்னிடமும் அவரைப் பற்றிப் பேசுவாள். நான் அதை நோய் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. சீரியல் பேச்சு என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவேளை எல்லாம் மறுபக்கமாக இருந்தால்? சீரியலிலிருந்து அந்த ஆள் அம்மாவுக்கு வந்தாரா, அம்மாவிடமிருந்து எனக்கு வந்தாரா? அம்மா சொல்லிச் சொல்லி நானே ஒரு ஆளை உண்டாக்கி, சீரியலுக்குள் வைத்துவிட்டேனா? இதை யாரிடம் போய்க் கேட்க?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று இந்திராணி மூடின தட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தாள். அடுத்த நிமிஷமே கூடத்தில் நிற்கிறாள், கையில் தட்டு இல்லை. "அந்தத் தட்டு யாருக்கு?" என்று சுகன்யாவிடம் கேட்டேன். "எந்தத் தட்டுக்கா?" என்றாள். அவள் அப்போது செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரம் இந்திராணி திடீரென்று ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு முதலாளியாகிவிட்டாள். யார் கொடுத்தது, எப்படி வந்தது, ஒன்றும் இல்லை. "லோன் போட்டிருப்பாக்கா" என்கிறாள் சுகன்யா.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எழுதினால் தெளியும் என்று எழுதுகிறேன்.

அக்கா,
சாலோமி

*

அம்பத்தூர்,
17.11.2024

என் அன்பான அக்காவுக்கு,

தோத்திரம், தோத்திரம், தோத்திரம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்தேன். நீ எடுத்தாய். "சபாபதி சார் இருக்காருக்கா" என்று சொன்னதும் நீ போனை அத்தானிடம் கொடுத்துவிட்டாய். அத்தான் "யாருலே அந்த சபாபதி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதனால் நடந்ததை முழுவதும் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

நீ எழுதின அந்தத் தட்டு என்னை விடவில்லை. தட்டோடு ஒருத்தி படியேறினால் மேலே யாரோ இருக்க வேண்டும். எங்கள் சபையில் ஜோஷுவா என்று ஒருவன், சீரியல்களுக்கு லைட் போடுகிறவன். அவனிடம் விசாரித்தேன். பழைய சீரியல்களை மறுஒளிபரப்புக்கு வெட்டித் தரும் இடம் வடபழனியில் இருக்கிறது என்று கூட்டிக்கொண்டு போனான். சின்ன அறை, நாலு கம்ப்யூட்டர். பாவா என்று ஒருவர் இருந்தார். என் பேச்சைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

"முக்கூடல்."

"அப்படியா! நான் மேலப்பாளையம்லா. உக்காருங்க. டீ சொல்லுதேன்."

'பன்னீர்மரத்து வீடு' பற்றிக் கேட்கத்தான் வந்தேன் என்றேன்.

"நான்தான் வெட்டுதேன். அது ஒரு மணி நேரச் சீரியலு அண்ணாச்சி. மத்தியானத்துக்கு அர மணி நேரந்தான் கொடுத்திருக்காவ. அதுலயும் வெளம்பரம் போவணும். அங்கன கொஞ்சம் இங்கன கொஞ்சம்னு வெட்டுனா கத கிழிஞ்சு போவும். அதனால ஆளையே தூக்கிருவோம். ஒரு ஆளத் தூக்குனா அவரு வார எடம் எல்லாம் போயிரும்லா? கத சுருங்கிரும், பாக்கவங்களுக்கும் தெரியாது."

"இதில் யாரைத் தூக்கினீங்க?"

"மாடி வீட்டு சபாபதி சாரத்தான்."

அக்கா, நான் அந்தப் பேரை அவரிடம் சொல்லவே இல்லை. ஜோஷுவாவிடமும் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து தானாக வந்தது. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். காட்ட முடியுமா என்று கேட்டேன். வெளியாட்களுக்குக் காட்டக் கூடாதாம், செல்போனில் எடுக்கவும் கூடாதாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஊர்க்காரரா போயிட்டிய" என்று பழைய பகுதி ஒன்றைப் போட்டார்.

பார்த்தேன். ஒல்லியான மனிதர். கண்ணாடிக்கு நூல் கட்டியிருக்கிறார், வலது காதுக்கு. கட்டிலில் படுத்திருக்கிறார். கீழே அடுக்களையில் இந்திராணியின் மாமியார் சோற்றைப் போட்டுக்கொண்டே சொல்கிறாள்: "மாடி சார் இன்னும் சாப்பிடல, தட்டக் கொண்டு போ. அந்த மனுசனுக்கு யாரு இருக்கா?"

அம்மா சொன்ன அதே வார்த்தை. அதே வரிசை. மறுபடி போடச் சொன்னேன். அதற்கப்புறம் இன்னொரு முறை.

"என்ன அண்ணாச்சி, அழுதிய?" என்றார் பாவா.

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவை, உன்னை, நீ வேலையை விடப்போவதை. அவர் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் நேரத்த மிச்சம் பண்ணுதேன்னுல்லா நெனச்சேன். ஒரு நர்ஸம்மா வேலய விடுத அளவுக்குப் போயிருக்கே!" என்றார். படியில் தட்டோடு ஏறுகிற இடத்தைச் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அது விட்டுப்போச்சு அண்ணாச்சி. கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள போயிரும், யாரு கவனிக்கப் போறான்னு நெனச்சேன். அக்காவுக்கு ஒரு கொறையும் இல்லன்னு நான் சொன்னதாச் சொல்லுங்க. என்னைய விட நல்லாப் பாத்திருக்காவ."

செல்போனில் இருப்பதும் இவர் வெட்டினதுதானாம். முழுசாக இப்போது எங்கேயும் வருவதில்லை. அதனால்தான் தேடித் தேடியும் சபாபதி சார் கிடைக்கவில்லை.

வெளியே வந்து தெருவோரமாக நின்றேன். ஜூன் மாதத்திலிருந்து நான் ஒரு நாளும் சரியாக மூச்சு விடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

டாக்டரிடம் போய் உன் காகிதத்தைத் திரும்ப வாங்கு. இன்றைக்கே.

உன் தம்பி,
எஸ்றா

*

முக்கூடல்,
15.12.2024

என் தம்பி எஸ்றாவுக்கு,

ஆண்டவர் நல்லவர். நாங்கள் சுகம். டார்லினுக்கும் பிள்ளைகளுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. ஜோஷுவாவுக்கும் பாவாவுக்கும் என் சார்பில் சொல்லு. பாவாவின் வீட்டார் மேலப்பாளையத்தில் எந்தத் தெரு என்று கேள். ஒரு நாள் போய்ப் பார்த்து வர வேண்டும்.

நீ போன் செய்த அன்று அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தான் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். "நீ இம்புட்டு நாளும் இதத் தனியாவா வச்சிக்கிட்டு இருந்த?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் ஆற்றுக்குப் போகாமல் என்னை ஆஸ்பத்திரி வரை கொண்டுவந்து விட்டார்.

டாக்டர் குருபிரசாத்திடம் என் ராஜினாமாவைத் திரும்பக் கேட்டேன். மேஜை டிராயரைத் திறந்து எடுத்தார். கவர் ஒட்டினபடியே இருந்தது. "இத நான் பிரிக்கவே இல்ல சிஸ்டர். ஊசிக்குக் கொஞ்ச நாளு ரெஸ்ட் குடுக்கிய, திரும்பி எடுப்பியன்னு விட்டுட்டேன்" என்றார். நரம்பு டாக்டர் சொன்னபடி அந்த ஆறு மாதச் சோதனையை மட்டும் மறுபடி செய்துகொள்ளச் சொன்னார். செய்கிறேன். அதில் எனக்கு இப்போது பயமில்லை.

முதல் ஊசி ஆறுமுகத்தாய்க்கு. பீடி சுற்றுகிறவள், மாதம் ஒரு தடவை வருவாள். "டோக்கன் குடுத்தது போதும் சிஸ்டர். இந்தப் புள்ள போட்டா ரெண்டு நாளு கைய தூக்க முடியல" என்றாள். சுகன்யா என்னைவிடச் சத்தமாகச் சிரித்தாள்.

சுகன்யாவிடம் சபாபதி சார் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. "சாரிக்கா, நான்தான் உங்களக் கொழப்பிட்டேன்" என்று முகம் சுருங்கிப்போனாள். "நீ என்ன செய்வ, ஒனக்குக் காட்டினதத்தான நீ பாத்த" என்றேன். இப்போது தினமும் சீரியல் முடிந்ததும், "யக்கா, இன்னைக்கு எதை வெட்டிட்டாவ?" என்று வந்து உட்கார்ந்துகொள்கிறாள். நான் சொல்கிறேன். நேற்று, காத்திருந்த நோயாளிகளும் கேட்டார்கள். சாருக்கு வாதம் வந்த இடம். டோக்கன் கூப்பிட்டும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

அம்மாவைப் பற்றி ஒன்று. அம்மாவுக்கு வந்த நோய் பொய் இல்லை, எஸ்றா. கடைசியில் என்னையே "நீங்க யாரு?" என்று கேட்டாள். சீரியலையும் வீட்டையும் ஒன்றாக நினைத்ததும் அந்த நோய்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீ நினைத்ததுபோல அவள் இல்லாத ஒருத்தரைக் கண்டு பயந்துகொண்டிருக்கவில்லை. பசியோடு கிடந்த ஒரு நல்ல மனுஷனுக்குச் சோறு கொடுத்தனுப்பினாள். நீயும் சாப்பிட்டுவிட்டார் என்று சொன்னாய். அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அந்தச் சாயங்காலத்தை நினைத்து இனி வருத்தப்படாதே.

போன வாரம் பாளையங்கோட்டைக்குக் கிறிஸ்துமஸ் துணி எடுக்கப் போனேன். வரும்போது குடையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன், புதுக் குடை. முக்கூடலில் இறங்கி மழை விழுந்த பிறகுதான் நினைவு வந்தது. ஆகஸ்டு மாதமாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே உடைந்து அழுதிருப்பேன். இப்போது, "அட, குடை போச்சே" என்று மட்டும் தோன்றியது. எல்லாரும் விடுகிறதுபோல நானும் ஒரு குடையை விட்டேன். நனைந்துகொண்டே வீடு வரை நடந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் நனைந்தது இல்லை.

அன்பு அக்கா,
சாலோமி

*

அம்பத்தூர்,
04.01.2025

அன்பான அக்காவுக்கு,

தோத்திரமும் புத்தாண்டு வாழ்த்தும். எல்லாரும் சுகம். ரயிலில்தான் போகிறேன், முதுகு பரவாயில்லை.

உன் கடிதத்தை டார்லினுக்கும் பிள்ளைகளுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். குடை வந்த இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை, மீதியை டார்லின் படித்தாள்.

பொங்கல் லீவுக்கு நாங்கள் நால்வரும் வருகிறோம். சபாபதி சாருக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. பாவாவிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நீ சொல்ல வேண்டும். இந்தத் தடவை தெருவில் போய் நிற்க மாட்டேன்.

அத்தானுக்கு அன்பு.

உன் தம்பி,
எஸ்றா

பி.கு.: உன் கடிதம் ஸ்டாம்பே இல்லாமல் வந்தது. தபால்காரர் இரண்டு மடங்கு கட்டச் சொன்னார். வாசலில் நின்று நான் சிரித்த சிரிப்பில் அவரே மிரண்டுபோனார். ஒட்ட மறந்தது நீயா, பெட்டியில் போடப்போன அத்தானா என்று நான் கேட்கமாட்டேன்.